முக்குளிப்பான் கூட்டில் கல் இல்லாத கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மீன்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், ஓர் ஏரியில் சடையன் என்ற முக்குளிப்பானும் அவன் மனைவி அல்லியும் குடியிருந்தார்கள். தண்ணீரில் மிதக்கும் கூடு அவர்களுடையது. அடியில் எட்டு நெட்டித் துண்டுகள். நெட்டி தக்கை மாதிரி லேசான தண்டு, ஒரு துண்டு சேர்த்தால் கூடு ஒரு விரல் உயரும். காற்று அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சடையன் ஐந்து கற்களையும் நாரில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒரு கல் ஒரு விரல் அமுக்கும். ஆகக்கூடி, கூடு தண்ணீருக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் நின்றது. உள்ளே முட்டைகள்.

சடையனுக்கு இளகின மனசு. கணக்குத்தான் கொஞ்சம் மட்டம். பக்கத்துத் தாழைக்கோழி வந்து, "அண்ணே, என் கூடு முழுகுது. மூணு நெட்டி குடுங்க" என்று கண்ணைக் கசக்கினாள். உருவிக் கொடுத்துவிட்டான். கூடு மூன்று விரல் இறங்கித் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. முட்டைகளின் அடி நனைந்தது.

பதறிப்போய் ஏரி முழுக்க நெட்டி தேடினான். ஒரு துண்டும் அகப்படவில்லை. திரும்பி வந்தால், அல்லி கல் கட்டிய நாரில் அலகை வைத்திருந்தாள்.

"அடிப்பாவி! எடுத்துத்தானே இந்தக் கதி? இன்னும் எடுக்கப் போறியா?"

"நீங்க எடுத்தது தூக்குறதை. நான் எடுக்கிறது அமுக்குறதை."

"எதை எடுத்தா என்ன? எடுத்தா குறையும். ஊரறிஞ்ச கணக்கு!"

"உங்க கணக்கு கெடக்கட்டும். எம்புள்ளைங்க குளிர்ல விறைச்சுப் போகுது" என்று நாரை வெடுக்கென்று கடித்தாள்.

சடையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கல் போயிற்று. கூடு ஒரு விரல் மேலே வந்தது.

"அட! இதெப்படி?"

"சனி விட்டா சுகந்தானே!" என்று அல்லி சிரித்தாள்.

சடையனுக்கு வந்ததே சந்தோஷம்! மீதிக் கற்களை அவனே அறுத்துத் தள்ளினான். கூடு ஐந்து விரல் உயரத்தில் நின்றது. காற்றுக்குப் போகாமலிருக்க, அல்லி அதைக் கோரைத் தண்டில் சுற்றிக் கட்டினாள். முட்டைகள் காய்ந்தன, குஞ்சுகளும் பொரித்தன.

அன்று முதல்தான் முக்குளிப்பான் கூட்டில் கல் கிடையாது. அன்று முதல்தான் மைனஸ் ஐந்தைக் கழிக்கச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகள் ஐந்தைக் கூட்டுகிறார்கள்.