வாசலில் கேட்டு வாங்கிய சொல்

நடந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று செல்லக்கனிக்குப் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மடத்துக்கு வந்தாள்.

ஆற்றங்கரை மடத்துச் சாமி வெள்ளிக்கிழமைதோறும் ஊரில் வழங்கும் ஏதாவது ஒரு பேச்சு எப்படிப் பிறந்தது என்று சொல்வார். அஞ்சாறு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறாள். வாய் திறந்ததில்லை.

அன்று எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா?"

"ஊருக்குக் கிளம்புறவங்க 'போயிட்டு வாரேன்'னு சொல்றாங்களே சாமி, அதை முதல்ல யாரு சொன்னது?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரரு அப்படிச் சொல்லிட்டுத்தான் போனாரு. பன்னிரண்டு வருஷமாச்சு. ஒத்தையில பொங்கித் தின்னது போதும், என்கூட வந்து இருன்னு தம்பி நிக்கான். பூட்டிட்டுப் போன நேரம் பாத்து அவரு வந்துட்டா? 'அத்தானுக்கு வாய் இல்லையா, விசாரிச்சு வரட்டும்'ங்கான். எனக்கு மனசு வரல. சொன்ன சொல்லாச்சே!"

சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

"நான் போறேன்."

செல்லக்கனி பதறி எழுந்தாள். "ஐயோ, என்ன பேச்சு இது! வாரேன்னு சொல்லுங்க சாமி!"

"சரி, வாரேன்."

அவள் மூச்சு விட்டாள். சாமி அங்கேயே நின்றார்.

"எங்க போறேன், எப்ப வருவேன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"மனசு ஆறிட்டா?"

"ஆறிட்டு."

"யாரு சொல்லச் சொன்னது?"

"நான்தான்."

"அப்படிப் பிறந்ததுதாம்மா அது."

செல்லக்கனி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் அவரு போறேன்னுதான் சாமி சொன்னாரு. பையோட தெருமுனை வரைக்கும் போயிட்டாரு. நான்தான் பின்னாலயே ஓடி, வாரேன்னு சொல்ல வச்சேன்."

சாமி செருப்பைக் கழற்றினார்.

"அப்போ இத்தனை வருஷமா யாரு சொல்லை நம்பிக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

அவள் தூணை விட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் வீட்டைப் பூட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சாவியை எதிர்வீட்டுக்காரி கையில் திணித்துவிட்டு, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் தம்பியின் ஆட்டோவில் ஏறினாள்.