யாரும் தண்ணீர் ஊற்றாத வாளி

ஒரு காட்டில் தவளையம்மா ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பதினாறு தலைப்பிரட்டைப் பிள்ளைகள். யானை மிதித்துப் போன காலடிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் அவர்களுக்கு வீடு.

கோடை வந்தது. பள்ளம் வற்றத் தொடங்கியது. ஆற்றில் விடலாமென்றால் அங்கே மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன. "இன்னும் ஒரு நாள் தாங்கும். அதற்குமேல் என் பிள்ளைகள் கருவாடுதான்" என்று தவளையம்மா அழுதாள்.

அப்போது ஆற்றில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி மிதந்து வந்தது. உங்களுக்கு அது வாளி என்று தெரியும், குழந்தைகளே. அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது.

கரடி அதைக் கரைக்கு இழுத்துப் போட்டுத் தட்டியது. டொம் என்றது. "மத்தளம்" என்றது கரடி.

குரங்கு அதைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டது. "கிரீடம். எனக்கென்றே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அப்படியே ராஜநடை நடந்து, நேராகப் போய்ப் புளியமரத்தில் முட்டியது.

நரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்தது. "அடே, இது ஆசனம்" என்றது. ஆசனம் சரிந்து உருண்டது. நரியும் கூடவே உருண்டது.

தவளையம்மா தத்தித் தத்தி அருகே வந்தாள். "அண்ணன்மாரே, அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் என்ன?"

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கிரீடத்தில் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்றது குரங்கு. கரடிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் சண்டை தொடங்கியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். 'படக்' என்று வாளியின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது. தவளையம்மாவுக்கு உயிரே போய்விட்டது. இவர்களிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தால் வாளியும் மிஞ்சாது, பிள்ளைகளும் மிஞ்சமாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

"கரடியண்ணே, மத்தளம் என்று சரியாகக் கண்டுபிடித்தீர்கள்" என்றாள். "ஆனால் சுருதி சேரவில்லையே. பாதிக்குத் தண்ணீர் இருந்தால் நாதம் கணீரென்று வருமே."

கரடி யோசித்தது.

"குரங்கண்ணே, கிரீடம் உங்கள் அழகு முகத்தை மூடிவிடுகிறதே. தண்ணீர் இருந்தால் அதில் உங்கள் முகத்தை நீங்களே நாள் முழுக்கப் பார்க்கலாம்."

குரங்கு வெட்கப்பட்டது.

"நரி மாமா, தண்ணீர் இருந்தால் ஆசனம் கனக்கும், உருளாது. மேலே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டால் இந்த வெயிலுக்கு எப்படி இருக்கும்?"

"எந்தத் தண்ணீரை ஊற்றுவது?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இதோ, இந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் நாதத்துக்கு நல்லது. மெல்ல மொள்ளுங்கள்."

கரடி வாளியைச் சாய்த்து மொண்டது. தண்ணீரோடு பதினாறு பிள்ளைகளும் உள்ளே வந்து சேர்ந்தார்கள். வாளியை இரண்டு வேர்களுக்கு நடுவே இறுக்கி வைத்தார்கள்.

அன்றிலிருந்து காலையில் குரங்கு முகம் பார்த்தது. மதியம் நரி வாலைத் தொங்கவிட்டது. தலைப்பிரட்டைகள் வாலைக் கொறித்தன. "இந்த ஆசனம் வாலைப் பிடித்துவிடவும் செய்கிறது" என்று நரி கண்மூடிச் சொக்கியது. மாலையில் கரடி வாசித்தது. வெயிலில் தண்ணீர் குறையும்போதெல்லாம் தவளையம்மா, "அண்ணே, சுருதி இறங்கிவிட்டது" என்பாள். கரடி ஓடிப்போய் ஆற்றிலிருந்து வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொப்பளிக்கும்.

பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. வால் போனது. முதல் மழை பெய்த அன்று பதினாறு குட்டித் தவளைகளும் வாளிக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் பாடத் தொடங்கின.

கரடி கண்கலங்கிப் போனது. "கேட்டாயா தவளையம்மா? என் மத்தளம் தானாகவே வாசிக்கிறது. இதைப் போய்த் தண்ணீர் ஊற்றி வைக்கிற பாத்திரம் என்றாயே."

"தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணே" என்றாள் தவளையம்மா. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே குதிப்பதை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறும் சரியாக இருந்தது.

நீதி: ஒரே பொருள் ஆளுக்கொரு விதமாய்ப் பயன்படும், அதற்காக அடித்துக்கொண்டால் ஒருவருக்கும் பயன்படாது.