இரண்டு செம்பு மோர்

எந்த ராஜா என்று கேட்காதீர்கள். அவர் சபைக்கு மோர் ஊற்றுகிறவள் அங்காயி. அவள் புருஷன் வீட்டுக்குள்ளே வரியைத் திட்டினான்; மறுநாளே சிறையில் போட்டார்கள்.

“வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறீங்களா சாமி?” என்று சபையில் கேட்டாள்.

“சத்தியமாக இல்லை,” என்றார் மந்திரி.

“நாளைக்குள் நிரூபி. இல்லையென்றால் அவனுக்குக் கழுமரம்,” என்றார் ராஜா.

அங்காயி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தன் எருமையிடம் சொன்னாள்: “நாளைக்குச் சபை மோரில் விஷம் வைக்கப் போறேன்டி.”

மறுநாள் சபையோர் மடமடவென்று குடித்தார்கள். மந்திரி செம்பைத் தொடவில்லை. அங்காயி அதை எடுத்துத் தானே குடித்தாள்.

“நல்ல மோர் சாமி. விஷம்னு என் எருமைகிட்டே மட்டும்தான் சொன்னேன். என்னைப் பிடிச்சா ஒட்டுக் கேட்டது தெரிஞ்சிடும்னு, இத்தனை பேர் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே!”

சபை ராஜாவைப் பார்த்தது. அவர் செம்பும் நிறைந்தே இருந்தது.

“அவனை விட்டுவிடுங்கள்,” என்றார் ராஜா, தரையைப் பார்த்தபடி.