ஞானாதிக்கம் விட்டுவைத்த நாலு வரி

“அப்படி என்னதான் எழுதினார், சிஸ்டர்?”

கன்னியர் மடத்து வராந்தாவில் வந்து நின்று ஞானாதிக்கம் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டைக்குத்தான் வந்திருந்தார்.

சிஸ்டர் பெர்பெத்துவா தரையில் உட்கார்ந்து தோரணத்துக்குக் கலர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சட்டி மைதாப் பசை. நாளை மறுநாள் அந்தோணியார் கோயில் திருவிழா.

“யாருங்க ஐயா எழுதினது?”

“ஆண்டவர்தான். வேற யாரு?”

ஞானாதிக்கம் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாக ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். அவர் எழுதிய பத்திரத்தில் ஓட்டை கிடையாது. வடக்கே யார் வீடு, தெற்கே எந்த வாய்க்கால், கிணற்றில் யாருக்கு என்ன பாத்தியம், எல்லாம் இருக்கும். ஒரு பத்திரத்தில் இன்னொரு பத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது என்றைக்கு எழுதியது, என்ன எழுதியது என்று சொல்லாமல் மேலே நகர மாட்டார்.

இப்படிப்பட்ட மனுஷரைக் கொண்டுபோய் வேதம் படிக்க உட்காரவைத்தால் என்ன ஆகும்?

சனிக்கிழமைகளில் சிஸ்டர் நடத்தும் விவிலிய வகுப்பில் முதல் பெஞ்சு அவருடையது. நாலு நாள் கல்லறையில் கிடந்து எழுந்து வந்தாரே லாசர், அங்கே என்ன பார்த்தேன் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கானாவூர்க் கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளை பேர் என்ன? பேர்கூடப் போடாமல் ஒரு கல்யாணமா? கடவுள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு யோனா என்ன பதில் சொன்னார்?

ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் கண்ணை அகல விரித்து, அருமையான கேள்வி என்பார். அப்படியே அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். வகுப்பு சிரிக்கும். ஞானாதிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்வி அருமை என்று இவருக்குத் தெரியாதா? பதிலல்லவா வேண்டும்.

இந்த வருஷம் பங்கு மக்கள் எல்லாரும் சேர்ந்து பைபிள் முழுவதையும் கையால் எழுதி, திருவிழாப் பூசையில் காணிக்கையாக வைப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பகுதி. ஊரிலேயே நல்ல கையெழுத்து ஞானாதிக்கத்துடையது. யோவான் நற்செய்தியை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

ஏழு அதிகாரம் முத்து முத்தாக ஓடியது. எட்டாவதில் வண்டி நின்றுவிட்டது.

தப்புப் பண்ணினாள் என்று ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். இவளைக் கல்லால் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆண்டவர் குனிந்து விரலால் தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று இல்லை.

இல்லவே இல்லை. நாலு பதிப்பு வாங்கிப் பார்த்தார். நாலிலும் இல்லை.

ஞானாதிக்கம் என்ன செய்தார்? அந்த இடத்தில் நாலு வரி காலியாக விட்டார். விடை கிடைத்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். வேதத்தில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கை கேட்கவில்லை. மிச்ச அதிகாரங்களை எழுதி முடித்து, அந்த ஒரு தாளை மட்டும் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

வீட்டில் வேறொரு தொல்லையும் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் மகள் பிரின்சி, கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் கதிரவனை வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா உட்காரும் ஆபீசில் இல்லை, அந்த மட்டும் பிழைத்தார். ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் சாட்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் மகளுக்கு எவனோ டீக்கடைக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டானாம். அன்றைக்கு வாசலை மறித்து நின்றுகொண்டு, இனி இந்தப் படி ஏறாதே என்றார். அவளும் ஏறவில்லை. இப்போது பதினோரு மாதத்தில் ஒரு பேத்தி. இவர் பார்த்ததில்லை.

பத்து நாளுக்கு முன் பிரின்சி அம்மா மதலேனுக்குப் போன் செய்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு வரட்டுமா, அப்பாவைக் கேட்டுச் சொல் என்றாள். மதலேன் கணவரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நற்செய்தி எழுத உட்கார்ந்தார். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் கண்ணாடியை மாட்டினார். எழுத ஒன்றுமில்லாத நாளிலும் மாட்டினார்.

இப்போது அந்த ஒரு தாளுக்காக பைண்டிங்காரர் மடத்து வாசலில் காலையிலிருந்து காத்திருக்கிறார். ஆள் மேல் ஆள் அனுப்பிய பிறகுதான் ஞானாதிக்கம் தாளும் கையுமாக வந்து நின்றார்.

சிஸ்டர் பசைக் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். பார்த்தார். காலி இடத்தையும் பார்த்தார். பிறகு ஆரம்பித்த சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துதான் நின்றது.

ஞானாதிக்கத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சிரிக்கிற விஷயம் இல்லை என்றார். ஒரு எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லாமல் விட்டால் அது எப்படிச் செல்லும் என்று கேட்டார். சிஸ்டர் பைண்டிங்காரரைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். இப்படியே தைத்துவிடுங்கள் என்றார்.

ஞானாதிக்கம் பதறிவிட்டார். “காலி இடத்தோடயா? நாளைக்கு எவனாவது தன் இஷ்டத்துக்கு எதையாவது எழுதிடுவான் சிஸ்டர்.”

“எழுதிப் பார்க்காதவங்களா? பெரிய பெரிய ஆளுங்கள்லாம் எழுதிப் பார்த்தாச்சு. ஒண்ணும் ஒட்டல.”

பைண்டிங்காரர் போயே போய்விட்டார். ஞானாதிக்கம் தூணில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தார். சிஸ்டர் தோரணக் கயிற்றின் ஒரு முனையை எடுத்து அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள் என்றார். பிடித்தார்.

நீலத்தாள் ஒன்று. மஞ்சள்தாள் ஒன்று. சிஸ்டர் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போனார்.

கடைசியில் ஞானாதிக்கம்தான் வாயைத் திறந்தார். “உங்களுக்கு இது மனசை அரிக்கவே இல்லையா?”

“அரிக்கும். ஆனா இதைவிட இன்னொண்ணு என்னை ரொம்ப அரிக்குது.”

ஞானாதிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டு அவர் பார்த்ததில்லை.

“கல்லு வச்சிருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. ஆண்டவரும் அவளைப் போகச் சொல்லிட்டார். எங்க போனா?”

“வீட்டுக்குத்தான்.”

“காலையில ஊரே வேடிக்கை பார்க்க இழுத்துட்டு வந்த பொண்ணு. கதவைத் திறந்து விட்டது யாரு?”

“இது ஒரு கேள்வியா சிஸ்டர்? பெத்தவன் திறந்திருப்பான். மக உசிரோட திரும்பி வந்து நிக்கிறா. ஓடி வந்து திறந்திருப்பான்.”

சிஸ்டரின் கை நின்றது. “அப்படி எழுதியிருக்கா, ஐயா?”

ஞானாதிக்கம் எட்டாம் அதிகாரத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டினார். தன் கையால் எழுதியது, ஒரு வரி மறக்கவில்லை.

“இல்ல,” என்றார்.

“ஆகா,” என்றார் சிஸ்டர். பச்சைத்தாளை எடுத்தார்.

கயிறு ஞானாதிக்கத்தின் கையிலிருந்து நழுவியது. ஒட்டிய தாளெல்லாம் தரையில் சரிந்தது. அவர் கவனிக்கவில்லை. எழுந்துவிட்டார். பூசைக்குக்கூட நிதானமாக நடந்து போகிற மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனார். எதிரே வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். யாருக்கு அவர் பதில் சொன்னார்?

மதலேன் அடுப்படியில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போனைப் போடு என்றார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மாவுக் கையோடு போட்டுக் கொடுத்தாள். மாவு ஒட்டி இரண்டு தரம் தப்பாகப் போயிற்று.

“அம்மா, சொல்லும்மா,” என்றது அந்தப் பக்கம்.

மூன்று வருஷமாகக் கேட்காத குரல். வழி நெடுக அவர் கோத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“நான்தான். நாளைக்குக் காலையில எட்டரைக்கு அங்கேருந்து நேர் பஸ் இருக்கு. அதைப் புடிச்சிடு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. பாப்பாவுக்கு வெயில் படாம பார்த்துக்க.”

அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் போனுக்குள் ஏதோ கத்தியது. எச்சில் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது என்ன பாஷையோ, ஞானாதிக்கத்துக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. ஆனால் வாய் காது வரைக்கும் போய்விட்டது. மதலேன் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா,” என்றாள் பிரின்சி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எம்மேல கோவம் போயிருச்சாப்பா?”

அவர் பொய் எழுதிப் பழகாதவர். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தார். இந்த மூலை, அந்த மூலை.

“தெரியலம்மா,” என்றார். “நீ வா.”