சந்தியாகுவின் தோள்

மலைமேல் இருந்த அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு இரண்டே பேர். சொல்லிக்கொடுக்கிற ஹசீனாவுக்கு முப்பத்தொரு வயது. கற்றுக்கொள்கிற சந்தியாகுவுக்கு ஐம்பத்து நான்கு. வார்டு அட்டெண்டராக இருந்த அவரை, கைப்பக்குவம் பார்த்து ஹசீனாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அவர் கைபட்டுத் தேறி நடந்துபோன கால்கள் ஏராளம்.

ஒரு கால் மட்டும் நடக்கவில்லை. அது அவர் மனைவி அமலியின் வலது கால்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஈரச் சரிவில் வழுக்கி அவளுக்குக் கணுக்கால் முறிந்து நாலு மாதம். மாவுக்கட்டுப் பிரித்துப் பத்து வாரம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. வருகிற திங்கட்கிழமை எஸ்டேட் டாக்டர் கண்முன்னே அவள் தனியாகச் சரிவு ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வேலை இருக்கும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பெயரில் எஸ்டேட் கொடுத்திருக்கிற லைன் வீடும் போய்விடும்.

அன்று வெள்ளிக்கிழமை.

சந்தியாகு செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. தரையில் துண்டைப் போட்டுக் கால்விரலால் சுருட்ட வைத்தார். சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்க வைத்துக் கெண்டைக்காலை நீட்டி எடுத்தார். ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை நாலு திசைக்கும் இழுக்க வைத்தார். நடக்கிற நேரத்தில் தோளைக் கொடுத்தார். தோள் இருந்தால் அமலி அறையை ஐந்து சுற்று சுற்றுவாள். தோளை எடுத்தால் வலிக்கிறது என்று நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள்.

"எங்க தப்பு பண்ணினேன் மேடம்?" என்று கேட்டார். "மேஸ்திரி ராயப்பனுக்கும் இதே முறிவு, இதே பயிற்சி. ஆறு வாரத்துல நடந்துட்டாரு."

ஹசீனா மூலையில் கிடந்த எடை மெஷினைக் காலாலேயே நடுவுக்கு நகர்த்தினாள்.

"ஏறுங்க அண்ணே."

"நானா?"

"நீங்கதான்."

ஏறினார். அறுபத்தொரு கிலோ.

பிறகு அமலியைப் பக்கத்தில் தரையில் நிற்கச் சொன்னாள். நடக்கிறபோது எப்படிப் பிடிப்பாளோ அப்படியே அவர் தோளைப் பிடித்து, நல்ல காலை ஒரு எட்டு முன்னால் வைக்கச் சொன்னாள்.

"நான் சும்மா தொட்டுக்குவேன் மேடம், பாரமே போடறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அமலி காலை எடுத்தாள்.

முள் ஓடிப்போய் எழுபத்தைந்தில் நின்றது.

சந்தியாகு குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மெஷின் பழசு, கோளாறாக இருக்கும் என்றாள் அமலி. சொல்லிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தாள், அறுபத்தொன்று. வைத்துப் பார்த்தாள், ஏறியது. அப்புறம் மெஷினைப் பற்றி அவள் பேசவில்லை.

"அப்ப இத்தனை நாளும் இவ நடக்கவே இல்லையா மேடம்?"

"நடந்தாங்களே. உங்க கால்ல."

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்வுப் பாதைக்கு மூவரும் வந்தார்கள். ஹசீனா அவரைக் கீழேயே நிறுத்திக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அவள் மட்டும் அமலிக்கு அரையடி பின்னால், தொடாமல் வந்தாள்.

அமலி வலது காலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அப்படி முழிக்காதீங்க. உங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் பார்வையைச் சுவருக்கு மாற்றினார். மாற்றின மாதிரி காட்டிக்கொண்டார்.

ஒரு எட்டு. இரண்டு. நாலாவது எட்டில் கணுக்கால் வெடவெடவென்று ஆடியது. சந்தியாகு தாவினார்.

"கை" என்றாள் ஹசீனா, திரும்பாமலேயே.

நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். பாதம் தரையைத் தேடி ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் அப்படியுமாகச் சாய்ந்து, தானே நிலைப்பட்டது. அமலி மூச்சு விட்டாள். ஐந்தாவது எட்டு வைத்தாள். மேலே போய்த் திரும்பினாள். இறங்குவதுதான் கஷ்டம். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு, மெதுவாக, முகமெல்லாம் வியர்வையாக இறங்கி வந்து அவருக்கு எதிரில் நின்றாள். அவருக்கும் வியர்த்திருந்தது.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சந்தியாகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நடுவுல ரெண்டு நாள்தான் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடுமா மேடம்?"

"அவங்க கால் ஆறி மூணு வாரமாச்சு. உங்க கைக்குத்தான் பயிற்சி வேணும். அவங்க நடக்கிறப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். வலிக்கும் அண்ணே. வலிச்சாலும் விடாம செய்யுங்க."