சருகுமானின் கால்கள்

மலையடிவாரப் புல்வெளியில் புள்ளிமான்கள் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தன. மேட்டுக்காட்டிலிருந்து மசணி என்ற சருகுமான் குட்டியும் அங்கே படிக்க வந்தது. அதன் இனமே முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. குச்சி குச்சியாய்க் கால்கள்.

முதல் பாடம் ஓட்டம். ஆபத்து வாடை அடித்ததும் குரல் கொடுத்து வெட்டவெளியில் ஓட வேண்டும் என்றார் ஆசிரியர் கிளைக்கொம்பர். எல்லாக் குட்டிகளும் ஓடின. மசணி மட்டும் அசையாமல் நின்றது. அதன் இனம் சருகுக்குள் சருகாக நின்றே பிழைக்கும் இனம்.

"ஏனம்மா நின்றுவிட்டாய்? நிற்பவர் பிழைப்பதில்லை" என்றார் ஆசிரியர்.

மசணி ஓடப் பழகியது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஒரு சுள்ளி முறிந்த சத்தம் கேட்டது. மசணி குரல் கொடுத்துக்கொண்டே பாய்ந்து ஓடியது. அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"என்னடி இது? உன் ஒருத்தியால எல்லாரும் மாட்டிக்குவோம்."

அங்கே நின்றால் தப்பு. இங்கே ஓடினால் தப்பு. இந்தக் கால்கள் யாருடையவை என்றே மசணிக்குப் புரியவில்லை. பள்ளிக்குத் திரும்பியும் யாரோடும் பேசவில்லை. இரை எடுப்பதும் நின்றது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கிளைக்கொம்பர் நல்லவர்தான். பிள்ளைக்குப் பயிற்சி போதவில்லை என்று எண்ணி, மாலையிலும் ஓடவிட்டார். மூன்றாம் நாள் மசணி சுருண்டு விழுந்தது. கோளாறு பயிற்சியில் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதே பள்ளியில் படித்துவிட்டு மேட்டுக்காட்டில் வாழும் ரங்கி என்ற சருகுமானைத் தேடிப்போனார். தனக்கு இந்தக் குழந்தையைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

ரங்கி வாராவாரம் வந்தது. பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காட்டு அத்திப்பழம் இரண்டை முன்னால் உருட்டிவிட்டு, தங்கள் இனத்தின் மெல்லிய குரலில் ஊர்க்கதை பேசியது. நான்காம் வாரம்தான் மசணி வாய் திறந்தது.

"அக்கா, நான் ஓடணுமா, நிக்கணுமா?"

"எனக்கும் ரெண்டு வருஷம் அந்தக் குழப்பம்தான். புல்லுல ஓடு, சருகுல நில்லு. ஒரு காலுக்கு ஒண்ணுதான் தெரியணும்னு யாரு சொன்னா?"

மசணி முழுசாக நம்பவில்லை. ஆனாலும் பழத்தைத் தின்றது.

சில நாள் கழித்துக் காட்டோரமாகச் சிறுத்தை வந்தது. குட்டிகள் சிதறி ஓடின. கால் சுளுக்கிய ஒரு புள்ளிமான் குட்டி மட்டும் ஓட முடியாமல் தவித்தது. மசணிக்கு ஓடு என்றது ஒரு மனம், நில் என்றது இன்னொரு மனம். முதலில் அந்தக் குட்டியிடம் ஓடியது. பிறகு அதைப் பக்கத்திலிருந்த சருகுக்குள் தள்ளி, தானும் ஒட்டி நின்றது.

"கண்ணை மூடு. மூச்சைக்கூட மெதுவா விடு."

சிறுத்தை நாலு எட்டுத் தள்ளி நின்று பார்த்தது. சருகுதான் தெரிந்தது. போய்விட்டது.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளியில் நிற்கும் பாடமும் சேர்ந்தது. நடத்தியது ரங்கி. கிளைக்கொம்பர் குட்டிகளோடு வரிசையில் நின்று, கொம்பு ஆடாமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

"அப்ப நான் புல்லுக்காரியா, சருகுக்காரியா?" என்று மசணி இன்னமும் சில நாள் கேட்கும். கேட்டுக்கொண்டே வயிறாரத் தின்னும்.

புதியதைக் கற்றுக்கொடுப்பவர், பிள்ளை பிறந்த இடத்திலிருந்து கொண்டுவந்த அறிவை அழிக்காமல், அதன் சொந்த இனத்தாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டால்தான் அந்தப் பிள்ளை தழைக்கும்.