மூன்று ஸ்பீக்கர்கள்

உலகம்மையிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். மாசிலாமணி பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தென்காசியில் வாடகைக் கார் ஓட்டினார். உலகம்மை வெளியூருக்குச் சொற்பொழிவாற்றப் போகும்போதெல்லாம் அவர் வண்டிதான். போகிற வழி நெடுகக் கேள்வி கேட்பார். பதில் வந்தால் அந்தப் பதிலையும் சந்தேகப்படுவார்.

அந்தக் காரை அவரும் மனைவியின் தம்பி பேச்சிராஜாவும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். சாரல் காலத்தில் ஒருநாள் காரின் ஸ்பீக்கர் கரகரத்தது. நாதஸ்வரம் போட்டால் தகரத்தைத் தரையில் இழுப்பது போலக் கேட்டது.

"கம்பெனி ஸ்பீக்கர் இப்படிக் கெடாது" என்று மாசிலாமணி வீட்டில் வைத்துச் சொன்னார். "நல்லதைக் கழட்டி வித்துட்டு, ஏதோ ஓட்டை உடைசலை மாட்டி வச்சிருக்கான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பேச்சிராஜா பாதியில் எழுந்து கை கழுவினான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாசிலாமணி மனைவியிடம் எது கேட்டாலும் "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த வாரம் கடையநல்லூருக்குப் போகும்போது உலகம்மை கேட்டார்.

"பாட்டு இல்லையா அண்ணாச்சி?"

மாசிலாமணி நடந்ததைச் சொன்னார்.

"புது ஸ்பீக்கர் போடணும்மா. எந்த ஸ்பீக்கரை நம்புறது, எந்தக் கடைக்காரனை நம்புறதுன்னு தெரியல. எல்லாரும் ஏமாத்துறான். யாரைத்தான் நம்பலாம்?"

"கடைக்குப் போய்ப் பாப்போம். நேரம் இருக்கு."

வழியில் முதலில் தென்பட்டது உதுமானின் கார் சாமான் கடை. பேச்சிராஜா எப்போதோ சீட் உறை வாங்கிய கடை. மாசிலாமணி வண்டியைத் தயங்கித் தயங்கித்தான் ஓரம் கட்டினார்.

உதுமான் பேச்சை வளர்க்கவில்லை. கார்க் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார்.

"வண்டியோட வந்த ஸ்பீக்கர்தான் அண்ணாச்சி. கம்பெனி அடிச்ச ரிவெட் ஆணி அப்படியே இருக்கு பாருங்க, யாரும் தொடல. கண்ணாடி ரப்பர் போயிருக்கு. சாரல் தண்ணி உள்ள இறங்கி ஸ்பீக்கர் காகிதம் ஊறிக் கிழிஞ்சு போச்சு. அவ்வளவுதான்."

மாசிலாமணி குனிந்து பார்த்தார். ரிவெட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு உலகம்மையை எதிரிலிருந்த டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

"இவனும் எம் மச்சினனும் கூட்டு. நான் வருவேன்னு தெரிஞ்சு, பழைய ரிவெட் மாதிரியே அடிச்சு வச்சிருக்காங்க."

"இந்தக் கடைக்கு வருவோம்னு காலையில உங்களுக்கே தெரியாதே?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார்.

"அவன் அவ்வளவு கெட்டிக்காரன்மா."

உலகம்மை சிரிக்கவில்லை. தன் போனை எடுத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, அவர் முன்னால் நீட்டினார்.

"பெரிய விஷயமா இருக்கு. ஒண்ணு விடாம இதுல சொல்லுங்க. எனக்கு ஞாபகத்துல நிக்காது."

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் மாசிலாமணி காத்திருந்தார். கல்யாணத்தன்று மச்சினன் முறைத்த முறைப்பில் ஆரம்பித்தார். வீட்டில் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசுவதைச் சொன்னார். உதுமானின் பணிவைச் சொன்னார்; இவ்வளவு பணிவு எதற்கு என்று கேட்டார். டீ ஆடை கட்டியது.

கடைக்குத் திரும்பியபோது உதுமான் மூன்று ஸ்பீக்கர்களைப் பலகையில் பொருத்தித் தயாராக வைத்திருந்தார். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். மூன்றும் நன்றாகவே இருந்தன.

"பாட்டுல எல்லாமே நல்லாத்தான் கேக்கும்" என்றார் மாசிலாமணி உலகம்மையிடம், கடைக்காரர் காதிலும் விழும்படி. "அவருக்குத் தோதான பாட்டா எடுத்து வச்சிருக்கார்."

"நியாயம்தான்" என்றார் உலகம்மை. "நல்லாப் பழகின குரலா இருந்தா ஏமாத்த முடியாது, இல்லையா?"

"முடியவே முடியாது."

உலகம்மை போனை உதுமானிடம் கொடுத்தார்.

"பாய், இதைப் போடுங்க. மூணுலயும்."

மாசிலாமணிக்கு விஷயம் உறைப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது.

முதல் ஸ்பீக்கரில் குரல் முழங்கியது. "கல்யாணத்தன்னைக்கே அவனை நான் எடை போட்டுட்டேன்." கடைக் கண்ணாடி அதிர்ந்தது. நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போல இருந்தது. மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. இவ்வளவு கம்பீரமா நம் குரல்?

உதுமான் தலை நிமிராமல் சுவிட்சைத் திருப்பினார்.

இரண்டாவதில் குரல் மெலிந்து கூராக வந்தது. சொல்லுக்குச் சொல் ஊசி மாதிரி. "இந்த பாயும் அவனுக்குக் கூட்டு. பணிவா பேசுறதுலயே தெரியலையா?" ஆமாம், தெரியத்தான் செய்கிறது என்று கேட்கிற எவரும் சொல்லிவிடுவார்கள். உதுமானின் விரல் சுவிட்சின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு திருப்பியது.

மூன்றாவதில் முழக்கமும் இல்லை, மினுக்கும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதர் நின்று பேசுவது போல இருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. பேச்சிராஜாவின் பெயர் வரும்போதெல்லாம் குரல் ஒரு படி மேலே போய்ப் பிசிறடித்தது.

"எம் பொண்டாட்டிக்கு என்னைவிட அவந்தான் பெரிசு" என்றது.

அதன்பின் எச்சில் விழுங்கும் சத்தம். டீக்கடையில் தான் எச்சில் விழுங்கியது மாசிலாமணிக்குத் தெரியாது.

"நிறுத்துங்க."

உதுமான் நிறுத்தினார்.

"அது சரியில்ல. ஏதோ கோளாறு. அழுகிற மாதிரி கேக்குது."

"எதை மாட்டட்டும் அண்ணாச்சி?" உதுமானின் குரலில் கோபம் இல்லை. முதலில் இருந்த நெருக்கமும் இல்லை.

"முதல்ல போட்டதை."

உதுமான் பெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். கதவின் ரிவெட்டுகளைத் துளையிடும் சத்தம் கேட்டது. மாசிலாமணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உலகம்மை ஏதாவது சொல்வார் என்று பார்த்தார். அவர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவங்களும் மனசுல எதையோ வச்சுக்கிட்டுத்தான் பேசாம இருக்காங்க என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. எச்சில் விழுங்கினார். இந்த முறை அது அவருக்கே கேட்டது.

எழுந்து வெளியே போனார்.

"பாய், கொஞ்சம் பொறுங்க."

உதுமான் துளைக்கும் கருவியைக் கீழே வைத்தார். மாசிலாமணி உள்ளே திரும்பி வந்தார். உலகம்மைக்கு எதிரே நின்றார்.

"அம்மா, அந்த மூணுல பொய் சொல்லாத ஸ்பீக்கர் எது?"

உலகம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நிறுத்தச் சொன்னது."